கிரோன்ஸ் வயிற்றுவலிக்கு மூளையில் கரண்ட்: பணம் கட்டுவதற்கு முன்

அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 27 வயது, ரப்பர் வெட்டுவது தொழில். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கிரோன்ஸ், அதாவது குடல் சுவரில் நாள்பட்ட அழற்சியும் புண்ணும் வருகிற நோய், என்று சில வருஷத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் கண்டுபிடித்தார்கள். முதலில் அசாதியோபிரின் மாத்திரை, அப்புறம் ஊசி மருந்து. இப்போது பேதி நின்றுவிட்டது, எடை ஏறியிருக்கிறது, கடைசியாகச் செய்த கொலனோஸ்கோபியில் புண் ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். வலி மட்டும் போகவில்லை. தொப்புளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது, வாரத்தில் பாதி நாள் வேலைக்குப் போக முடியவில்லை. மூளைக்கு லேசாகக் கரண்ட் கொடுத்தால் குடல்வலி போய்விடும் என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கிளினிக்கில் விசாரித்திருக்கிறார்கள். பத்து சிட்டிங், இருபதாயிரம் ரூபாய். "அண்ணா, இது உண்மையா, ஏமாற்றா? மெஷினை ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே செய்யலாமா? இவன் இனி விடியற்காலை வெட்டுக்குப் போகலாமா, கூடாதா?" இதுதான் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிற இ.இ.ஜி. டெக்னீஷியன். தலையில் ஒயர் ஒட்டுவதுதான் என் பிழைப்பு. நீங்கள் கேட்கிற அந்தக் கருவியையும் என் கையால் மாட்டியிருக்கிறேன். அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அதன் பின்னால் நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. ஆனால் அந்த இருபதாயிரத்தை இப்போது கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்றிலேயே தம்பியின் வலிக்கு விடை கிடைத்துவிட வாய்ப்பு உண்டு.

புண் ஆறிய பிறகும் வலிக்குமா என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம் இருக்கும். நம்ம பக்கத்தில் உடனே "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, பின்ன என்ன நோவு, மடிதான்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படி யாராவது சொன்னால் தயவுசெய்து அவர்கள் வாயை அடைத்துவிடுங்கள். நோய் அடங்கிய நிலையில் இருக்கிற குடல் அழற்சி நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வயிற்றுவலி, உப்புசம் போன்ற தொந்தரவு தொடர்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தம்பி தனி ஆள் இல்லை.

காரணம் நரம்பில் இருக்கிறது. குடல் சுவரில் மாதக்கணக்காக அழற்சி இருக்கும்போது அங்கே உள்ள நரம்பு நுனிகள் சின்னத் தூண்டலுக்கே அலற ஆரம்பித்துவிடும். அந்தச் செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது, அங்கிருந்து மூளைக்கு. இரண்டு இடத்திலும் வலியைக் கடத்துகிற பாதை பழகிப் பழகி, சத்தத்தைக் கூட்டி வாங்கத் தொடங்கிவிடுகிறது. கோயில் கொடை முடிந்து எல்லோரும் போன பிறகும் ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைக் குறைக்காமல் விட்டால் எப்படி இருக்கும்? மைக்கில் வேட்டி உரசினால்கூட தெருமுனை வரைக்கும் கேட்கும். அதே மாதிரி, சோறு செரித்துக் குடல் சாதாரணமாக அசைகிற அசைவுகூட தம்பிக்கு வலியாகப் போய்ச் சேர்கிறது. அவன் கற்பனை செய்யவில்லை, நடிக்கவும் இல்லை.

இதில் மூளைக்கு எவ்வளவு பங்கு என்று காட்டுகிற ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2011-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தில் செய்தார்கள். அது மூட்டுவாத நோயாளிகளைப் பற்றியது. ஆனால் கொடுத்த மருந்து டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கிற வகை, தம்பி போடுகிற ஊசியும் அந்த வகையாகத்தான் இருக்கும். மருந்து ஏறி 24 மணி நேரத்துக்குள் மூளையில் வலி சம்பந்தமான இடங்களின் வேலை குறைந்துவிட்டது. மூட்டு வீக்கம் அப்போது குறையவே இல்லை, அது பிற்பாடுதான் வற்றியது. வலியும் வீக்கமும் கைகோத்துக்கொண்டுதான் நடக்கும் என்று கட்டாயமில்லை. ஒன்று முந்தலாம், ஒன்று பிந்தலாம், ஒன்று போன பிறகு மற்றது தங்கிவிடலாம்.

சரி, அப்படியானால் நேராக மூளைக்கே வைத்தியம் செய்யலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். குடல் உண்மையிலேயே அமைதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது. கொலனோஸ்கோபியின் குழாய் பெருங்குடல் முழுவதும் போய், சிறுகுடலின் கடைசிக் கொஞ்ச தூரத்தைத்தான் எட்டிப் பார்க்கும். தம்பிக்கு நோய் இருப்பதோ சிறுகுடலில். குழாய் போகாத மேல்பகுதியில் ஒரு இடம் இன்னும் புகைந்துகொண்டிருக்கலாம், அல்லது புண் ஆறும்போது தழும்பு கட்டிக் குடல் சுருங்கிப் போயிருக்கலாம். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வலி வருகிறதா? வயிறு உப்பி, கடகடவென்று சத்தம் போட்டு, பிறகு திடீரென்று விட்டுவிடுகிறதா? சில சமயம் வாந்தி வருகிறதா? மரச்சீனியோ பலாச்சுளையோ சாப்பிட்ட அன்று கூடுகிறதா? இதெல்லாம் இருந்தால் குடல் சுருக்கத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதை எம்.ஆர். என்டரோகிராபி என்ற ஸ்கேனில் பார்க்கலாம். சுருங்கிய குடலை வைத்துக்கொண்டு மண்டையில் கரண்ட் கொடுப்பது வீண் வேலை. அதைவிட மோசம், வலி கொஞ்சம் குறைந்துவிட்டால் அடைப்பு முற்றுகிற வரைக்கும் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

மலத்தில் கால்புரோடெக்டின் என்று ஒரு சோதனை இருக்கிறது. குடலில் அழற்சி இருந்தால் வெள்ளணுக்கள் அங்கே குவியும், அவற்றிலிருந்து வெளியாகிற புரதம் இது. ஒரு சின்ன டப்பாவில் மலம் எடுத்துக் கொடுத்தால் போதும், குழாய் கிழாய் எதுவும் வேண்டாம். ஒரு கிராம் மலத்துக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குடல் அமைதி. 250-க்கு மேலே என்றால் உள்ளே நெருப்பு இருக்கிறது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவில் வந்தால் டாக்டர்தான் மற்றதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று கவனியுங்கள்: புரூஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி வலிமாத்திரை சாப்பிட்டிருந்தாலும் இந்த எண் ஏறிவிடும். சோதனைக்குக் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கிரோன்ஸ் உள்ளவர்களுக்குப் பித்தப்பைக் கல்லும் சிறுநீரகக் கல்லும் மற்றவர்களைவிட அதிகம் வரும். வெயிலில் வேர்த்து ஒழுகி வேலை செய்துவிட்டு, வெறும் கட்டன்சாயாவில் நாளை ஓட்டுகிறவருக்கு இரண்டாவது கல்லைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். அப்புறம், நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோன்ஸும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், பெரிய டாக்டர்களே திணறுவார்கள். ஊசி மருந்து தொடங்கும் முன் காசநோய்ச் சோதனை செய்திருப்பார்கள். ஆனாலும் அந்த மருந்து உறங்கிக் கிடக்கிற காசநோயை எழுப்பிவிடக்கூடும். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறைவு என்று எது வந்தாலும் உடனே சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்து, குடல் அமைதி என்று உறுதியானால், அப்போது அந்த மெஷினைப் பற்றிப் பேசலாம்.

மூளையைத் தூண்டுவது என்று சொன்னால் ஒன்றில்லை, பல வகை. மண்டையைத் துளைத்து உள்ளே கம்பி வைக்கிற ஆழ்மூளைத் தூண்டல் நடுக்குவாதத்துக்குச் செய்வது, அதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை. காந்தச் சுருளைத் தலைக்கு மேலே வைத்து டக் டக்கென்று தட்டுகிற டி.எம்.எஸ். இன்னொன்று. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரின் குழு உருவாக்கியது. மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008-இலேயே அனுமதி கிடைத்தது. மூன்றாவதுதான் டி.டி.சி.எஸ். மண்டைக்கு வெளியே இரண்டு ஈரப் பஞ்சை வைத்து, பேட்டரியிலிருந்து மிகச் சன்னமான நேர்மின்னோட்டத்தை விடுவது. அதன் இன்றைய வடிவத்துக்கு வழிபோட்டவர்கள் ஜெர்மனியின் கோட்டிங்கனைச் சேர்ந்த நிட்சேயும் பாவ்லஸும், 2000-இல். உங்களுக்குச் சொன்ன விலையையும் சிட்டிங் கணக்கையும் பார்த்தால் இது மூன்றாவதாகத்தான் இருக்கும், ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அம்மா பயப்படுவார் என்று எழுதியிருந்தீர்கள். கரண்ட் என்றதும் மனநல ஆஸ்பத்திரியில் கொடுக்கிற ஷாக்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அது வேறு, இது வேறு. அங்கே மயக்கம் கொடுத்து, 800, 900 மில்லி ஆம்பியர் அளவில் விட்டு, வலிப்பை வரவழைப்பார்கள். இங்கே 2 மில்லி ஆம்பியர். அதிலும் நிறைய தோலிலேயே ஓடி வீணாகிவிடும், மிச்சம்தான் மூளையைத் தொடுகிறது. நரம்பணுவை அது நேரடியாக வேலை செய்ய வைப்பதில்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிற அளவைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ விடுகிறது, அவ்வளவுதான். நேர்முனை வைத்த இடம் சுறுசுறுப்பாகும், எதிர்முனைக்குக் கீழே மந்தமாகும் என்பது பொதுவான கணக்கு.

வலிக்காக வைக்கிற இடம் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். கை கால் அசைவைக் கட்டுப்படுத்துகிற பகுதி, காதுக்கும் உச்சிக்கும் நடுவில். அசைவுக்கான இடத்தைத் தூண்டினால் வலி ஏன் குறைய வேண்டும்? 1991-இல் ஜப்பானில் சுபோகாவா என்ற அறுவை மருத்துவர், பக்கவாதத்துக்குப் பிறகு வருகிற கொடூரமான நரம்பு வலிக்கு அந்த இடத்தில் மின்முனை பதித்துப் பார்த்தார், வலி குறைந்தது. அங்கிருந்து, உடம்பின் உணர்வுச் செய்திகள் மூளைக்குள் கடந்துபோகிற தலாமஸுக்கும், வலியின் துன்பத்தை உணர்கிற பகுதிகளுக்கும், தண்டுவடத்தில் வலியை அடக்குகிற மூளைத்தண்டுப் பகுதிக்கும் இணைப்பு இருப்பதாகப் பிற்பாடு தெரிந்தது. உடம்பு தானே சுரக்கிற அபின் போன்ற பொருட்களும் இதில் சேர்கின்றன.

குடல் நோய்க்கு இதைச் செய்து பார்த்தது பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனைக் குழு. 2016-இல் வெளிவந்தது. கிரோன்ஸோ, பெருங்குடலில் புண் வருகிற அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ உள்ள, நாள்பட்ட வயிற்றுவலிக்காரர்கள் 20 பேர். பாதிப்பேருக்கு உண்மையான மின்னோட்டம், பாதிப்பேருக்குப் பொய். 2 மில்லி ஆம்பியர், தினம் 20 நிமிஷம், தொடர்ந்து 5 நாள். உண்மையான மின்னோட்டம் பெற்றவர்களுக்கு வலி மற்றவர்களைவிடக் குறைந்தது, நிறுத்தி ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குறைவு இருந்தது. வீடியோக்காரர் சொன்னதன் அடிப்படை இதுதான் என்று நினைக்கிறேன்.

இருபது பேர், அதில் மின்னோட்டம் பெற்றவர்கள் பத்துப் பேர். ஒரு வாரம். நல்ல ஆரம்பம் என்று சொல்லலாம், வைத்தியம் என்று போர்டு மாட்ட இது போதாது. மூன்று மாதம் கழித்து என்ன ஆனது, எத்தனை தடவை திரும்பச் செய்ய வேண்டும், யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை. எல்லா வகை நாள்பட்ட வலிக்கும் நடந்த சோதனைகளை ஒன்றுசேர்த்து 2018-இல் காக்ரேன் என்கிற, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற குழு பார்த்தபோது, இந்த முறை குறுகிய காலத்துக்கு உதவக்கூடும், ஆனால் சான்றின் தரம் குறைவு என்றுதான் எழுதினார்கள்.

பொய் மின்னோட்டம் எப்படிக் கொடுப்பார்கள் என்று சொன்னால் இன்னொன்றும் விளங்கும். கருவியைப் போட்டதும் அரை நிமிஷம் உண்மையாகவே கரண்டை ஏற்றுவோம். பஞ்சுக்குக் கீழே குறுகுறுவென்று எறும்பு ஊர்வது போல இருக்கும். அப்புறம் கருவி தானாக நின்றுவிடும், விளக்கு மட்டும் எரியும். உண்மையான மின்னோட்டத்திலும் கொஞ்ச நேரத்தில் தோலுக்கு அது பழகிவிடுவதால், படுத்திருக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அப்படி வெறுமனே படுத்திருந்தவர்களிலும் சிலர் எழுந்து, "இன்னைக்கு நல்ல சுகம்" என்று சொல்வார்கள். வலி விஷயத்தில் நம்பிக்கைக்கு அத்தனை பலம். அதனால் ஒரு கிளினிக் சுவரில் நாலு பேர் குணமானதாக எழுதி ஒட்டியிருந்தால், அதில் மெஷினின் பங்கு எவ்வளவு, ஏ.சி. அறையில் அன்பாகப் பேசி இருபது நிமிஷம் படுக்க வைத்ததன் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. ஒப்பிட இன்னொரு கூட்டம் வேண்டும். பெர்லின்காரர்களிடம் அது இருந்தது.

மாட்டுவதில் இருக்கிற சிரமம் வெளியே யாருக்கும் தெரியாது. மூக்கின் மேல்பள்ளத்திலிருந்து பின்மண்டை எலும்பு மேடு வரைக்கும் டேப் வைத்து அளக்க வேண்டும், பிறகு ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும். இரண்டும் சந்திக்கிற உச்சியிலிருந்து, காதுக்குக் காது அளந்த நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் இறங்கினால் அந்த இடம் வரும். மறுமுனை எதிர்ப்பக்க நெற்றியில். பஞ்சு ஐந்துக்கு ஏழு சென்டிமீட்டர், உப்புத்தண்ணீரில் நனைத்தது. ஈரம் குறைந்தால் தோல் சுட்டுவிடும். கூடினால் தண்ணீர் நெற்றியில் வழிந்து, கரண்ட் போக வேண்டிய இடத்தை விட்டு வழிந்த வழியே போய்விடும். எல்லாவற்றுக்கும் மேல் தேங்காயெண்ணெய்! நம்ம ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று நல்லா எண்ணெய் தேய்த்துப் படிய வாரிக்கொண்டு வருவார்கள். எண்ணெய்த் தலையில் கரண்ட் சரியாகப் பாயாது. ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவது எங்களுக்குத் தினப்படி வேலை. அந்த கிளினிக்கில் தலையை டேப் வைத்து அளக்காமல், எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், நேரே தொப்பியை மாட்டினால் எழுந்து வந்துவிடலாம்.

இதிலிருந்தே வீட்டில் வாங்கிச் செய்வதற்கும் பதில் கிடைத்திருக்கும். வேண்டாம். இரண்டு முனையும் மாறிப்போனால் நீங்கள் ஏற்ற நினைத்ததை இறக்கிவிடுவீர்கள். காய்ந்த பஞ்சால் நெற்றித்தோல் வெந்தவர்கள் உண்டு. வலி போகவில்லையே என்று இருபதை நாற்பது நிமிஷமாக்கினால் பலன் இரட்டிப்பாகாது, சில சமயம் எதிர்த்திசையில் திரும்பிவிடுகிறது என்பதும் ஆய்வில் பார்த்ததுதான். வீட்டில் தாங்களாகவே செய்துகொள்கிறவர்களை எச்சரித்து 2016-இல் மூளை ஆராய்ச்சியாளர்கள் பலர் சேர்ந்து ஒரு திறந்த கடிதமே எழுதினார்கள்.

கிளினிக்குக்கு மறுபடி போன் செய்தால் இதைக் கேளுங்கள். எந்த வகைத் தூண்டல், எந்த இடத்தில், எத்தனை மில்லி ஆம்பியர்? பார்க்கிற டாக்டர் யார், நரம்பியலா மனநலமா? தம்பியின் குடல் டாக்டரோடு அவர் பேசுவாரா? தம்பிக்கு முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, தலையில் உலோகத் தகடு இருக்கிறதா, பேஸ்மேக்கர் இருக்கிறதா, கார்பமாசெபின் மாதிரி வலிப்பு மருந்து சாப்பிடுகிறாரா என்று அவர்களே கேட்கிறார்களா? கார்பமாசெபின் சாப்பிட்டால் நேர்முனையின் விளைவு எழும்பாமலே போய்விடும், பிறகு பணம் கட்டி என்ன லாபம். ஊசி மருந்தை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று அங்கே யாராவது சொன்னால் அந்த இடத்தின் பக்கமே போகாதீர்கள். இந்தக் கரண்ட் வலியைக் குறைக்கப் பார்க்கிறதே தவிர குடல் புண்ணை ஆற்றாது. "நாங்கள் ஆய்வாகச் செய்கிறோம்" என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்த எண்ணைக் கேளுங்கள். 2009-இலிருந்து அந்தப் பதிவு கட்டாயம், இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஆய்வு என்று சொல்லிவிட்டு அதில் சேருகிறவரிடமே சிட்டிங்குக்கு இவ்வளவு என்று வாங்குவது முறையில்லை.

அழற்சியையே அடக்கப் பார்க்கிற மின்வைத்தியம் வேறு ஒன்று நடக்கிறது, அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரான்சின் கிரனோபிள் நகரத்தில் புருனோ போனாஸ் குழு, மூளையிலிருந்து கழுத்து வழியாகக் குடல் வரை ஓடுகிற வேகஸ் நரம்பில் சின்ன அறுவை செய்து கருவி பதித்து, கிரோன்ஸ் நோயாளிகள் சிலரிடம் பார்த்தது. ஒன்பது பேர்தான், பெரும்பாலானோருக்கு நல்ல பலன். காதுமடலில் ஊசிமுனை ஒட்டி மின்துடிப்பு கொடுக்கிற கருவிக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஆனால் அது வளரிளம் பருவத்துக் குடல் எரிச்சல் நோயாளிகளுக்கு (குடலில் புண் எதுவும் இல்லாமலே வலி வருகிற நோய்), கிரோன்ஸுக்கு அல்ல. காது என்றதும் உங்கள் மாமா "இதைத்தானே ஆசான் எப்பவோ சொன்னார்" என்பார். சொல்லட்டும். வர்ம ஆசான்மார் மேல் எனக்கு மரியாதை உண்டு, பிடித்த தோளுக்கு நானும் போயிருக்கிறேன். கிரோன்ஸ் உள்ள வயிற்றை அழுத்தித் தடவ மட்டும் விடாதீர்கள். பெயர் எழுதாத பொடி எதையும் உள்ளுக்குக் கொடுக்காதீர்கள், அசாதியோபிரின் சாப்பிடுகிறவருக்கு ஈரலும் ரத்த அணுவும் ஏற்கெனவே கண்காணிப்பில் இருக்க வேண்டியவை.

இனி, கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பவை. முதலில் நிறுத்த வேண்டியது ஒன்று. வலி தாங்காத அன்று பனச்சமூட்டிலோ மேல்புறத்திலோ ஒரு டைக்ளோ ஊசி போட்டுக்கொண்டு வருகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அந்த வகை வலிமருந்து கிரோன்ஸைக் கிளப்பிவிடக்கூடியது. மெடிக்கல் ஷாப்பில் வயிற்றுவலிக்கு என்று சொன்னதும் எடுத்துக் கொடுக்கிற மெஃப்டால் ஸ்பாஸ் மாத்திரையிலும் மெஃபனாமிக் ஆசிட் என்ற அதே வகை மருந்து சேர்ந்திருக்கிறது, நிறையப் பேருக்கு இது தெரியாது. டிராமடால் போன்ற அபின் வகையோ, நாள்பட்டால் குடலை மந்தமாக்கி, வலி உணர்வையே கூட்டிவிடும். அவசரத்துக்குப் பாராசிட்டமால், மற்றது டாக்டரிடம் கேட்டு.

அப்புறம், அந்த வால்யூமைக் குறைக்கிற மருந்து ஒன்று பழையது, மலிவானது. அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான், ஆனால் அதற்குக் கொடுப்பதைவிட ரொம்பக் குறைந்த அளவில் நரம்பு வலிக்குக் கொடுப்பார்கள். குடல் எரிச்சல் நோயில் 10 முதல் 30 மில்லிகிராம் வரை கொடுத்து இங்கிலாந்தில் 463 பேரிடம் செய்த சோதனை 2023-இல் வந்தது, வெற்றுமாத்திரையைவிடத் தெளிவான பலன். கிரோன்ஸ் அடங்கிய பிறகு நிற்கிற வலிக்கும் இந்த வகையை டாக்டர்கள் எழுதுவதுண்டு. இருபதாயிரம் எங்கே, ஒரு ஸ்ட்ரிப் மாத்திரை எங்கே! எனக்குக் கேட்டால் டாக்டரிடம் முதலில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். சீட்டில் அந்த மாத்திரையைப் பார்த்து மெடிக்கல் ஷாப்காரர் "இது மென்டல் மாத்திரையல்லவா" என்றால் கலங்க வேண்டாம். ஆனால் இது மலச்சிக்கலைக் கூட்டும், குடல் சுருக்கம் இருக்கிறவருக்கு ஆகாது. மேலே சொன்ன ஸ்கேனை முதலில் எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலியைக் கையாளப் பழக்குகிற உளவியல் பயிற்சியும், குடலை மனதில் வைத்துச் செய்கிற ஹிப்னாடிச முறையும் குடல் எரிச்சல் நோயில் நன்றாகப் பார்க்கப்பட்டவை. இரண்டாவதை 1984-இலேயே மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் காட்டினார். அருமனையில் ஆள் கிடைக்காது, திருவனந்தபுரத்தில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் கிடைப்பார். சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு வகைகளைச் சில வாரம் குறைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கிற முறை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அடங்கிய நோயில் உப்புசத்துக்கு உதவுகிறது. டயட்டீஷியனோடு செய்தால் மட்டும். ஏற்கெனவே எடை இழந்து மீண்டிருக்கிற பையனை வெறும் கஞ்சியில் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, வெட்டு. போகலாம். நோய் அடங்கியிருக்கும்போது உழைப்பதால் குடலுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, வேலையை விட்டு வீட்டில் படுத்துக்கிடந்தால் வலி கூடத்தான் செய்யும். ஆனால் தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், இது நரம்பு வலி எல்லாவற்றுக்கும் பொருந்தும். மூன்று மணிக்கு எழுந்து தலைவிளக்கோடு போகிற பையன் பத்தரை வரைக்கும் போன் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு உதைக்கும். மழைக்காலத்தில் வெட்டு நிற்கிற நாட்களில் வலி குறைகிறதா என்று பாருங்கள், தூக்கத்தின் பங்கு அதிலேயே தெரிந்துவிடும். டாக்டர் அமிட்ரிப்டிலின் எழுதினால், விடியற்காலை மூன்று மணிக்கு எழுகிறவன் என்று மறக்காமல் சொல்லுங்கள். படுக்கும்போது போடச் சொல்கிற மாத்திரையை அவனுக்கு ராத்திரி ஏழு மணிக்கே போடச் சொல்வார். இல்லையென்றால் மயக்கம் தெளியாமல் கத்தியும் கையுமாக இருட்டில் சரிவு ஏறுவான். தொடங்கின முதல் வாரம் கொஞ்சம் வெளிச்சம் வந்த பிறகு வெட்டட்டும். பால் கொஞ்சம் குறையும், முதலாளியிடம் அந்த ஒரு வாரத்துக்குச் சொல்லிவைத்தால் போதும்.